பூஜை முடிந்த கம்பி

உங்கள் ஸ்டேஷனின் இந்த மேசைக்கு வலது முன்கால் இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், குட்டை. நீங்கள் முழங்கையை ஊன்றும்போதெல்லாம் சாய்கிறது, எடுத்ததும் திரும்புகிறது. யாரோ ஒரு அட்டையை நாலாக மடித்து அடியில் செருகியிருக்கிறார்கள். அட்டை நிற்காது, நசுங்கிவிடும். வேப்பஞ்சில்லு ஒன்றைச் சீவி, கோந்து தடவி ஒட்டினால் ஐந்து நிமிட வேலை. நீங்கள் அந்தக் காகிதத்தைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது நான் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் மேடம். அதற்காக நீங்கள் படித்ததைக் கேட்கவில்லை என்று எண்ண வேண்டாம். ஒரு வரி விடாமல் கேட்டேன்.

எங்கள் கட்டட வேலைப் பயிற்சி மையத்தின் செயலாளர் பிரேம்நாத் சார் வக்கீலை வைத்து எழுதிக் கொண்டுவந்த காகிதம் அது. மையத்தின் முகப்புக் கூரை இடிந்து விழுந்து பயிற்றுநர் சௌமியா இறந்தது ஒரு விபத்து. கம்பி வேலையைப் பார்த்த உதவியாளர் ஹேமலதா, அதாவது நான், வயது நாற்பத்தொன்று, தொழில்நுட்ப அறிவு போதாமையால் கம்பியைத் தாங்கிப் பிடிக்கும் துண்டுகளை வைக்கத் தவறிவிட்டார். இடிபாட்டில் அந்தத் துண்டு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்று பொறியாளர் அறிக்கை கொடுத்திருக்கிறார்.

“கையெழுத்து போடும்மா. கவனக்குறைவுன்னு கேஸு போய்டும், ஜாமீன் கெடச்சிடும். சும்மா பேஜார் பண்ணிக்காத,” என்றீர்கள். அன்பாகத்தான் சொன்னீர்கள். காலையில் உங்கள் பாட்டிலிலிருந்தே எனக்குத் தண்ணீர் கொடுத்தீர்கள். இன்னொன்றும் கேட்டீர்கள். போட்டோக்காரர் எடுத்த வீடியோவில், கூரை விழுவதற்குச் சற்று முன் சௌமியா என் பக்கம் திரும்பி ஏதோ கேட்கிறாள், மேளச் சத்தத்தில் காதில் விழவில்லை, என்ன கேட்டாள் என்று. தண்ணீர் கேட்டாள் என்று சொன்னேன். நீங்கள் அதை எழுதிக்கொண்டீர்கள்.

பேனாவைத் திறந்து என் முன்னால் வைத்திருக்கிறீர்கள். காகிதத்தில் எனக்கு ஒரே ஒரு வரிதான் உறுத்துகிறது. அதை உங்களிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறேன். அதற்கு முதலில் கம்பி எங்கே வரும் என்று சொல்ல வேண்டும்.

ஒரு அறையின் கூரை நாலு சுவர்மேல் உட்கார்ந்திருக்கும். பாரம் ஏறினால் நடுவில் தொய்யப் பார்க்கும், அடிப்பக்கம் விரியப் பார்க்கும். அதனால் அதற்குக் கம்பி அடியில் வரும். முகப்புக் கூரை அப்படியில்லை. ஒரு பக்கம் மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு மற்ற மூன்று பக்கமும் காற்றில் நிற்பது. அதற்குக் கம்பி மேல்பக்கம் வரும். புத்தகத்தில் இதற்குப் படம் போட்டு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார்கள், பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு அது ஏறாது. எங்களிடம் வருகிறவர்கள் ஆம்பூர் ஷூ கம்பெனிகளிலிருந்து நின்றுவிட்ட பெண்கள், தோல் பதனிடும் டேனரியில் முதுகு போன ஆண்கள், குடியாத்தத்தில் தறி ஓடாமல் வந்தவர்கள். அவர்களுக்காக நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். நாலு லிட்டர் பெயிண்ட் டப்பாவில் தண்ணீர் நிரப்பிக் கையை நேராக நீட்டிப் பிடிக்கச் சொல்வேன். எங்கே இழுக்கிறது என்று கேட்பேன். தோளுக்கு மேலே என்பார்கள். அங்கேதான் கம்பி, அவ்வளவுதான் பாடம் என்பேன். ஒன்பது வருடத்தில் ஒருவர்கூட அதை மறந்ததில்லை.

அந்த ஒன்பது வருடத்தில் ஐந்து பயிற்றுநர்கள் வந்து போனார்கள். எல்லோரும் இன்ஜினியரிங் படித்தவர்கள். முதல் வாரம், “அக்கா, இத கொஞ்சம் சொல்லுங்களேன்” என்று என்னிடம் வருவார்கள். இரண்டாம் வாரம் அதை வகுப்பில் சொல்வார்கள். வருடம் திரும்புவதற்குள் ஓசூருக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ போய்விடுவார்கள். வாசல் பலகையில் பயிற்றுநர் பெயரை மட்டும் மாற்றி எழுத வேண்டும். எழுதுவதும் நான்தான், என் கையெழுத்து குண்டாக இருக்கும். நான் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவள். எங்கள் ஊர் அணைக்கட்டில் என் அப்பா, கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும் சென்ட்ரிங் மேஸ்திரி. பள்ளிக்கூட பெஞ்சில் இருந்ததைவிடச் சாரத்தில் நின்ற நேரம் அதிகம். பயிற்றுநர் வேலை கேட்டு நாலு முறை மனு எழுதினேன்.

“ரூல்ஸ்ல எடமில்லம்மா. டிப்ளமாவாச்சும் வேணும்,” என்பார் பிரேம்நாத் சார். “ஆனா ஒண்ணு சொல்றேன், நீ இல்லன்னா இந்த சென்டர் ஓடுமா?”

அதைப் பாராட்டு என்று அவர் நினைத்தார். நானும் இரண்டு மூன்று வருடம் அப்படித்தான் நினைத்தேன்.

சௌமியா ஐந்து வருடத்துக்கு முன் பயிற்சிக்கு வந்தாள். அதற்கு முன் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைத்துக்கொண்டிருந்தாள். முதல் நாள் உளியை எடுத்ததிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தோலில் ஊசி ஒருமுறை தப்பி இறங்கினால் ஓட்டை ஓட்டைதான், திருத்த முடியாது. அந்தப் பயம் பழகிய கை அது. இரண்டு முறை அளக்காமல் ரம்பத்தைத் தொடமாட்டாள். ஒவ்வொரு வேலை முடிந்ததும் என் பக்கம் திரும்பி, “சரியா இருக்காக்கா?” என்பாள். சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் கேட்பாள். நாள் முழுக்க அந்த ஒரு கேள்விக்காக நான் காத்திருக்கப் பழகிவிட்டேன்.

மையத்தின் செலவில் ஒருவரை டிப்ளமா படிக்க அனுப்பலாம் என்று பேச்சு வந்தபோது, சௌமியாவை அனுப்புங்கள் என்று சாரிடம் சொன்னது நான்தான். அவள் படிக்கப் போன நாட்களில் அவள் மகள் ஹரிணி மாலையில் என் வீட்டில்தான் இருப்பாள். அவளுக்கு ஒரு குட்டி நாற்காலி செய்து கொடுத்தேன். நாலு காலும் ஒரு நூல் பிசகாது. இதெல்லாம் அந்தக் காகிதத்தில் இல்லை. எனக்கு அவள்மேல் கோபம் இருந்ததாக யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அது சரியில்லை.

போன ஜூனில் அவள் பயிற்றுநராகத் திரும்பி வந்தாள். வாசல் பலகையில் அவள் பெயரை நான் எழுதினேன். சுடிதாருக்குமேல் வெள்ளைக் கோட் போட்டுக்கொண்டு, ஏணிக்குக் கீழே நின்று என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அந்தக் கேள்வி நின்றுவிட்டது. அவளுக்குத் திமிர் என்று சொல்லமாட்டேன். எல்லாம் தெரிந்தவள் எதற்குக் கேட்க வேண்டும்? தெரியவைத்தது நான் என்பதால் எனக்கு அது புரிந்தது. ஆனாலும் மாலையில் கருவிகளைத் துடைத்து அடுக்கும்போது, அன்றைய கணக்கில் ஏதோ ஒன்று குறைவதுபோல் இருக்கும்.

ஜூலையில் ஒரு நாள் முகப்புக் கூரைப் பாடம். சௌமியா பலகையில் கோடு போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“அக்கா, அந்த டப்பாவ கொஞ்சம் புடிங்க.”

நான் தண்ணீர் நிரப்பிய டப்பாவை எடுத்துக் கையை நீட்டி நின்றேன். “இப்ப இவங்க கைய பாருங்க. எங்க இழுக்குது?” என்று ஆரம்பித்தாள். என் வார்த்தைகள்தான், என் இழுப்பிலேயே சொன்னாள். இதை யாரிடம் கற்றேன் என்று சொல்வாள் என்று பார்த்தேன். சொல்லவில்லை. பிறகு பலகைக்குத் திரும்பி, கம்பியின் கனம், இடைவெளி என்று எழுத ஆரம்பித்தாள். டப்பாவை இறக்கச் சொல்ல மறந்துவிட்டாள். நானும் இறக்கவில்லை. இரண்டு நிமிடம் இருக்கும். கை நடுங்கித் தண்ணீர் தரையில் சிந்தியது.

டேனரியில் இருபது வருடம் வேலை பார்த்துவிட்டு வந்த வேலாயுதம் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர், எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பார்.

“மேடம், அக்கா கை ஆடுதே. கம்பிய கீழ போட்டு கட்டிட்டாங்களா இன்னா?”

வகுப்பே சிரித்தது. சௌமியா திரும்பிப் பார்த்து, “ஐயோ, வெச்சிடுங்கக்கா” என்றாள். அவளும் சிரித்தாள். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். டப்பாவைக் கீழே வைத்துவிட்டுத் துடைப்பம் எடுத்துத் தண்ணீரைத் தள்ளினேன். வேலாயுதம் சொன்னது பகல் முழுக்க எனக்குள் இருந்தது. அது வேடிக்கை மட்டும் இல்லை, பாடம் என்ற அளவில் சரியாகவும் இருந்தது.

ஒவ்வொரு பயிற்சிக் குழுவும் கடைசியில் உண்மையாகவே ஒன்றைக் கட்ட வேண்டும். இந்தக் குழுவுக்குப் பட்டறையின் வாசலில் ஐந்தடி நீட்டி ஒரு முகப்புக் கூரை. சௌமியா வரைந்தது. சென்ட்ரிங் பலகையை நான் அடித்தேன். கம்பியை நானும் பயிற்சிப் பெண்களும் கட்டினோம். மேல்கம்பி தொய்ந்துவிடாமல் இருக்க அடியில் வளைத்த துண்டுகளை நிறுத்துவோம். சைட்டில் அதற்குச் சேர் என்று பெயர். கம்பி அதன்மேல் உட்கார்ந்திருக்கும். கான்கிரீட் போடும் நாள் காலையில் சௌமியா டேப்பைப் பிடித்து மூன்று இடத்தில் உயரம் பார்த்தாள். குனிந்து ஒவ்வொரு சேரையும் அசைத்துப் பார்த்தாள். நான் பக்கத்திலேயே நின்றேன். ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு, நோட்டில் டிக் போட்டாள். கேட்கவில்லை.

பிறகு பூஜை. மூலைக் கம்பியில் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி, தேங்காய் உடைத்தோம். நீங்களும் வீடு கட்டியிருந்தால் தெரியும். பூஜை முடிந்த கம்பியை யாரும் மறுபடி சோதிக்கமாட்டார்கள். பூஜையில் குற்றம் பார்ப்பதுபோல் ஆகிவிடும். அதுவரை பத்து முறை அளந்தவர்கள்கூட, கற்பூரம் காட்டியதும் டேப்பைப் பையில் போட்டுவிடுவார்கள். எல்லோரும் கீழே போய் கேசரியும் காபியும் சாப்பிடுவார்கள். அப்புறம் கான்கிரீட் மிக்சர் ஓட ஆரம்பிக்கும்.

அன்றும் ஓடியது. சௌமியா கீழே தண்ணீர் அளவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் மேலே கரணையோடு நின்றேன். சட்டி சட்டியாகக் கான்கிரீட் வந்தது, ஆட்கள் கம்பிமேல் நடந்தார்கள். கம்பி அடிப்பலகையோடு படுத்துக் கிடந்ததை நான் பார்த்தேன். சொல்லவில்லை.

இவ்வளவுதான் என் குற்றம் என்று நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். பார்த்தேன், சொல்லவில்லை. பல நாட்கள் நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லையே. அவள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பழையபடி கேட்டிருந்தால் எல்லாவற்றையும் உடைத்துப்போட்டு மறுபடி கட்டியிருப்பேன்.

கான்கிரீட் இறுக இருபத்தொரு நாள் விட்டோம். தினமும் காலையில் ஏழு மணிக்கு, ஷூ கம்பெனி பஸ்கள் போகிற நேரத்தில், நான் வந்து கூரைமேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினேன். ஒரு நாள் தவறவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வந்தேன். கான்கிரீட் அவ்வளவு நன்றாக இறுகி நான் பார்த்ததில்லை. பொறியாளர் அறிக்கையிலும் கான்கிரீட் தரமானது என்று எழுதியிருப்பதாக நீங்கள் படித்தீர்கள். அந்த வரியைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இனி அந்த வழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூரையைத் தாங்கும் கடைசிச் சவுக்குக் காலை எடுக்கும்போது, கட்டியவர் அதன் அடியில் நிற்க வேண்டும். இது மையத்தின் பழக்கம் என்று பிரேம்நாத் சார் உங்களிடம் சொன்னார். மையத்தின் பழக்கம் இல்லை. என் இரண்டாவது வருடத்தில், அந்தச் சவுக்குக் காலைத் தட்டி எடுக்கவே பயிற்சிக்காரர்கள் பயந்தார்கள். நான் போய் அடியில் நின்று, விழுந்தா என்மேல விழட்டும், தட்டுங்க என்றேன். அன்று கைதட்டினார்கள். அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் நான்தான் நிற்பேன். வருடத்தில் அந்த ஒரு நிமிடம் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள்.

இந்த வருடம் ஷூ கம்பெனி ஆட்கள் விருந்தினராக மாலையோடு வந்திருந்தார்கள், மேளம், போட்டோ எல்லாம். முந்தின நாளே பலகைகளைப் பகுதி பகுதியாகக் கழற்றி, வெளி ஓரத்தில் ஐந்து கால்களை மட்டும் நிறுத்தி வைத்திருந்தோம். நான் சௌமியாவிடம் போனேன்.

“நான் நிக்கட்டுமா?”

“வேணாங்க்கா. சார் என்னத்தான் நிக்க சொன்னாரு, போட்டோவுக்கு. நீங்க ஆப்ப தட்டுங்க.”

அவள் சரி என்றிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இந்த அறையில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். நின்றிருக்கமாட்டேன். ஏதாவது சொல்லி நிறுத்தியிருப்பேன். ஆக, அவளுக்கு நான் ஒரு வாய்ப்பு கொடுத்தேன். அவள் எடுத்துக்கொள்ளவில்லை. நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

“மேடம் கோட்டுல ஒரு தூசி வுழுந்தாகூட நம்ம சர்ட்டிபிகேட்டு காலிடா,” என்று வேலாயுதம் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். சௌமியா அடியில் போய் நின்றாள். நான் கூரைக்கு வெளியே நின்று, ஓரத்திலிருந்து ஒவ்வொரு காலாக அடியிலிருந்த ஆப்பைத் தட்டி எடுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நடுக்கால் மட்டும் மிச்சம்.

கம்பி தானாக இறங்காது மேடம். மிதித்தால் கொஞ்சம் தொய்யும், அவ்வளவுதான். அன்று பூஜை முடிந்து எல்லோரும் கேசரி சாப்பிடப் போனபோது நான் மட்டும் மேலே இருந்தேன். கற்பூரத் தட்டை எடுத்துவைப்பதாகச் சொன்னேன். சுவரோரக் கட்டுகளைக் குறடால் வெட்டினேன். பதினொரு சேரையும் உருவினேன். என் டூல் பையில் ரம்பத்துக்கு அடியில் போட்டுக்கொண்டேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு கான்கிரீட் வந்தபோது, மற்றவர்களைவிடக் கொஞ்சம் அழுத்தி நடந்தேன். பொறியாளருக்கு இடிபாட்டில் ஒன்றுகூடக் கிடைக்காததற்குக் காரணம் அதுதான். பதினொன்றும் என் வீட்டுப் பரணில், முறுக்கு அச்சு வைக்கும் டப்பாவில் இருக்கின்றன. ஒரே அளவில் வளைத்தவை. நான் வளைத்தவை.

அவளைச் சாகடிக்க நினைத்தேனா என்று நீங்கள் கேட்கவில்லை, காகிதத்தில் அதற்கு இடமும் இல்லை. எல்லோர் முன்னாலும் கூரையில் வெடிப்பு விடும், ஆட்கள் என்னிடம் ஓடி வருவார்கள், ஹேமா சொல்லும்மா இன்னா பண்றதுன்னு பிரேம்நாத் சார் கேட்பார், இப்படித்தான் நினைத்திருந்தேன். கம்பி அடியில் கிடக்கும் ஐந்தடிக் கூரை வெடித்துக்கொண்டு நிற்காது, ஒரே நொடியில் மடிந்து விழும் என்று எனக்குத் தெரியும். அதை வகுப்பில் சொல்லிக்கொடுப்பதும் நான்தான். இரண்டையும் ஒரே மனதில்தான் வைத்திருந்தேன். இருபத்தொரு நாளும் வைத்திருந்தேன்.

அவள் தண்ணீர் கேட்கவில்லை.

நடுக்காலின் ஆப்பில் நான் சுத்தியலை வைத்தபோது, அடியில் நின்றிருந்த சௌமியா தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தாள். போட்டோக்காரர் இந்தப் பக்கம் பார்க்கச் சொன்னார். அவள் அவரைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பினாள். ஐந்து வருடத்துக்கு முன்னால் இருந்த அதே முகம். கொஞ்சம் பயம், கொஞ்சம் சிரிப்பு.

“சரியா இருக்காக்கா?”

கேட்டாள். மேளத்துக்கு நடுவிலும் எனக்கு நன்றாகக் கேட்டது. ஒரு வருடமாக நான் காத்திருந்த கேள்வி.

“சரியா இருக்குதும்மா. நில்லு,” என்றேன்.

நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். தோளை இறக்கிவிட்டுக்கொண்டு போட்டோக்காரர் பக்கம் திரும்பினாள். நான் தட்டினேன்.

நீங்கள் கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள். முழங்கையை மேசையில் ஊன்றுகிறீர்கள். சரி, வாய் திறந்து ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

“இந்த ஒரு வரிய அடிச்சிடுங்க மேடம். போட்டுடுறேன்.”

“எந்த வரி?”

“தொழில்நுட்ப அறிவு போதாமைன்னு இருக்குதே, அது.”

நீங்கள் காகிதத்தை உங்கள் பக்கம் திருப்பிப் படித்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள்.

“அத அடிச்சா அப்புறம் மிச்சம் இன்னா இருக்குது? தெரிஞ்சே செஞ்சேன்னு ஆவும். புரிஞ்சுதான் பேசுறியா?”

“கம்பி மேல வரும்னு எனக்குத் தெரியும் மேடம். பதினஞ்சு வயசுலருந்து தெரியும்.”

“அத கோர்ட்டுல சொல்லிக்கலாம். இப்ப போடு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

பேனாவை மறுபடி என் பக்கம் வைத்தீர்கள். மேசை சாய்ந்து பேனா உருண்டது. விளிம்பில் விரலை வைத்து அதை நிறுத்தினேன். மூடியை எடுத்து மாட்டி, காகிதத்தின்மேல் நேராக வைத்து, இரண்டையும் உங்கள் பக்கம் நகர்த்தினேன்.

“வேணாம் மேடம்,” என்றேன். “வேல தெரியாதவன்னு நான் கையெழுத்து போடமாட்டேன்.”